நிழலில் உலர்ந்த மிளகாய் விதை

விதைக்கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: வாங்குகிற அன்று கும்பிடுகிறவர்களே, பத்தாம் நாள் முளைப்பு இல்லையென்றால் வாசலில் நின்று ஏசுவார்கள். ஐம்பதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் திருத்தங்கலில் அந்தப் பிழைப்புத்தான் பிழைத்தோம்.

பத்துக்கு நாலு

மழை பொய்த்து, புது மிளகாய் விதை எங்கும் கிடைக்காத வருஷம். எங்களிடம் இருந்தது மூன்று வருஷத்துப் பழசு. ஈரத்துணியில் பத்து விதையை முடிந்து பார்த்தேன், நாலுதான் முளைத்தது. அந்த நேரம் பார்த்து விஸ்வநத்தம் சீனியம்மா வந்தாள். வெடி கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தரிசாகக் கிடந்த அரை ஏக்கரில் மிளகாய் போட்டுக் காட்டுகிறேன் என்று புருஷனிடம் சவால் விட்டிருந்தாள். முளைக்காவிட்டால் திரும்பவும் கம்பெனிக்குத்தான் போகவேண்டும்.

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "பழசும்மா. ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, நிழல்ல பழையபடி கலகலன்னு உலரவிட்டு விதைச்சா எழும்பும்னு விவசாய ஆபீசர் ஐயா சொன்னாக" என்றேன். அவள் சிரித்தாள். "கம்பெனியில நனைஞ்சா சரக்கு போச்சும்பாக. நீங்க நனைச்சாத்தான் சரக்குங்கிறீக!"

பாறையில் பரப்பியது

அவள் ஊறப்போட்ட மறுநாள், மனசு கேட்காமல் விஸ்வநத்தம் போனேன். உச்சி வெயிலில், கொதிக்கிற பாறையில் சாக்கை விரித்து, வெடித்திரி காயப்போடுகிற பக்குவத்தோடு விதையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அள்ளினேன், கை சுட்டது. ஈர விதை அந்தச் சூட்டில் வெந்தே போயிருக்கும். "ஆண்டவரே!" என்று உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, பாதி விதை இன்னும் பானைக்குள் ஈரத்துணியில் இருந்தது.

"நிழல்லன்னு சொன்னேனே தாயி?"

"நிழல்ல எது காயும்க்கா? வெயில் வரலைன்னா எங்க கம்பெனி மேஸ்திரி சூரியனையே ஏசுவாருல்ல!"

கட்டிலுக்கடியில்

மிஞ்சின பாதியை என் வீட்டுக்கே தூக்கி வந்தேன். கட்டிலுக்கடியில் பழைய வேட்டியை விரித்துப் பரப்பி, முழங்கால் போட்டு ஜெபித்தேன். கூட வந்திருந்த சீனியம்மாவும் கண்ணை மூடி மாரியம்மனைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் பனைவிசிறியால் ரெண்டு நாள் காற்றுக் கொடுத்தார். விதை உலர உலர மிளகாய் நெடி கிளம்பிற்று. மனுஷனுக்கு ஒரே தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எஸ்தரு, விதைக்கு ஜெபம் பண்ணினது போதும். என் மூக்குக்குக் கொஞ்சம் பண்ணு."

ஏழாம் நாள்

விதைத்து ஏழாம் நாள் சீனியம்மா ஆள் அனுப்பினாள். பயந்துகொண்டே போனேன். பாத்தி முழுக்க, தலை குனிந்தபடி மண்ணை முட்டிக்கொண்டு நாற்று! அங்கங்கே சொட்டை இருந்தாலும், அரை ஏக்கருக்குத் தாராளம். ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். அந்நேரம் மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். "ஏளா சீனி, தீபாவளி ஆர்டர் நெருக்குது. நாளைக்கே வேலைக்கு வந்துரு."

சீனியம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "களையெடுக்க நானே ஆள் தேடிக்கிட்டு இருக்கேன் மேஸ்திரி. நீங்க வாறீகளா?"

இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: பழைய விதையை எப்படியாவது எழுப்பிவிடலாம், அது எழும்புகிற வரைக்கும் வாங்கினவர்களை நிம்மதியாகத் தூங்கவைப்பதுதான் பெரும்பாடு.