கொடித் துணியில் வெந்த இட்லி

இதில் வரும் இரண்டு கட்சிகளின் நிறங்களையும் மாற்றியிருக்கிறேன். தாராவியில் எனக்கு இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள். எனக்கும் முழங்கால் வலி வந்துவிட்டதால் முன்புபோல் ஓட முடியாது. ஆகவே ஒன்று ரோஸ் கட்சி, இன்னொன்று ஊதாக் கட்சி. உண்மையிலேயே இந்த நிறங்களில் யாராவது கட்சி வைத்திருந்தால் மன்னிக்கவும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பா காலை இட்லி வியாபாரம். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் அவித்து, அலுமினிய அண்டாவில் தலைமேல் ஏற்றிக்கொண்டு போய் மாட்டுங்காவில் விற்பார். இட்லி ஐம்பது பைசா. அந்த வருஷம் உளுந்து ஏறியது, அரிசி ஏறியது. மண்ணெண்ணெய் ரேஷன் கடையில் தீர்ந்துபோய், அதே கடையின் பின்வாசலில் தாராளமாகக் கிடைத்தது. எல்லாமே ஏறிக்கொண்டிருக்க, அப்பாவால் மட்டும் எதையும் ஏற்ற முடியவில்லை. மாட்டுங்காவின் ஆபீஸ்காரர்கள் பொருளாதாரச் சீர்திருத்தத்தை முழு மனதோடு ஆதரித்தார்கள். இட்லி விஷயத்தில் மட்டும் பழைய விலைதான் நியாயம் என்றார்கள். எனவே அப்பா விலையை ஏற்றாமல் இட்லியை இறக்கினார்.

"என்னய்யா, உன் இட்லி இளைச்சுண்டே போறதே?"

"வெயில் காலம் சார்" என்பார் அப்பா.

நான் அப்போது மாட்டுங்காவில் கல்லூரி மாணவன். வெளிநாட்டுப் புரட்சிகளைப் பற்றித் தலையணை அளவில் புத்தகங்கள் படித்து, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பவர்களிடம் உபரி மதிப்பைப் பற்றிப் பேசுவேன். அவர்கள் நல்லவர்கள், அடிக்கவில்லை.

வீட்டில் சிக்கனம் கடைசியில் இட்லித் துணியை வந்து தொட்டது. பழைய வேட்டியைக் கிழித்துத் தட்டில் விரிப்பதுதான் எங்கள் வழக்கம். பல தடவை துவைத்து நைந்த வேட்டியில்தான் ஆவி சீராக ஏறும், இட்லி ஒட்டாமல் வரும். ஆனால் பம்பாய்க்கு வந்தபின் அப்பா பேண்ட்டுக்கு மாறிவிட்டார். வீட்டில் நைவதற்கு வேட்டியே இல்லை. கடையில் மல் துணி கேட்டால் மீட்டருக்குச் சொல்லும் விலையில் ஒரு நாள் உளுந்து வாங்கிவிடலாம்.

அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது, துணியும் வந்தது.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்சி வந்து கொடி கொடுத்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வது. வாசலில் வலப்பக்கம் ரோஸ், இடப்பக்கம் ஊதா. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இது தெரியும். ஓட்டு எங்கே போகும் என்று காட்டுவதற்கல்ல கொடி. நீ எங்கள் ஆளை வாசலிலிருந்து விரட்டவில்லை என்பதற்கு ரசீது. ஆளுக்குப் பத்துப் பதினைந்து கொடுப்பார்கள். இரண்டு கட்டியதுபோக மிச்சம் பரணுக்குப் போய்விடும்.

எங்கள் பயமெல்லாம் தண்ணீர்ப் பைப்பைப் பற்றி. அதை வாங்கிக் கொடுத்தது ரோஸ் கட்சியின் கார்ப்பரேட்டர், நம் ஊர்க் கவுன்சிலர் மாதிரி. ஆனால் அந்தப் பைப் ஊதாக் கட்சிப் பெரியவரின் வாசல்படியை ஒட்டித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். ஊரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து, சந்தில் பாதிக் கூரைகளுக்கும் எல்லாத் தகராறுகளுக்கும் சொந்தக்காரர் ஆனவர். சந்தில் அவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். ஹிந்தி பேசும் பையன்கள் தாதா என்பார்கள். தேர்தலுக்கு முந்தின வாரம், ரோஸ் கட்சி ஊர்வலத்தில் கொட்டு அடித்த ஒரு தையல்காரரின் பைப்பை யாரோ ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்கள். பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க நடந்ததால் யார் அறுத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தையல்காரருக்குத் தண்ணீர் இல்லையென்றால் குளிக்காமல் இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை. தண்ணீர் நின்றால் மாவு இல்லை. மாவு இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்.

அந்த அண்ணாச்சிதான் ஓட்டு நாள் காலையில் தன் ஆட்களுக்கு இட்லி வேண்டுமென்று சொல்லியனுப்பினார். ஏழு மணிக்கு பூத் திறப்பதற்குள் வந்துவிட வேண்டும். வழக்கமாக அவிப்பதைப்போல் இரண்டு மடங்கு.

"முடியாதுன்னு சொல்லிருங்களேன்" என்றாள் அம்மா.

"சொல்லலாம். பொறவு தண்ணிக்குக் குர்லாவுக்கா போவே?" என்றார் அப்பா.

பக்கத்து வீட்டில் இட்லித் தட்டு இரவல் கிடைத்தது. எங்களிடம் இருந்த நைந்த துணி எங்கள் தட்டுகளுக்குத்தான் போதும்; இரவல் தட்டுக்குத் துணி கிடைக்கவில்லை. துணியை யாரும் இரவல் தரமாட்டார்கள். அம்மா பரணைப் பார்த்தாள். ரோஸ் கொடி நல்ல பருத்தி. ஒரு மூலையை வெந்நீரில்கூட முக்கி, கசக்கி, வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்த்தாள். ஒரு பொட்டு நிறம் இறங்கவில்லை. சின்னம் அச்சடித்த நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத் துணியைத் தட்டுக்கு அளவாகக் கத்தரித்தாள். அனுபவம் உள்ளவள், சோதித்துத்தான் செய்தாள். புளித்த மாவும் கொதிக்கும் ஆவியும் சேர்ந்தால் எந்தக் கட்சியின் கொடியும் என்ன செய்யும் என்பதை மட்டும் அவள் சோதிக்கவில்லை.

விடிகாலையில் இரவல் தட்டின் மூடியைத் திறந்தவள் அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அப்பா எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில், பூப்போல வெந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தன இட்லிகள். அடிப்பக்கம் நல்ல ரோஸ்; மேலே போகப்போக வெளிறியது. இன்றைக்கு ஏதாவது பெரிய ஓட்டலில் வைத்தால் பீட்ரூட் இட்லி என்று சொல்லி நூற்றைம்பது ரூபாய் வாங்கலாம்.

அடுத்த ஈடும் அதே கொடித் துணியில் பக்கத்து அடுப்பில் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது.

"வச்சிட்டாடா வேட்டு" என்றார் அப்பா, பொதுவாகச் சுவரைப் பார்த்து.

"நான் முக்கிப் பாத்தேன். சத்தியமாப் பாத்தேன்" என்றாள் அம்மா.

"இத எடுத்துக்கிட்டு அவரு முன்னால போயி நின்னா என்ன நெனப்பாரு? கேலி பண்ணுதோம்னுல்லா நெனப்பாரு."

தோட்டாவில் தடவிய கொழுப்பால் ஒரு பெரிய கலகமே தொடங்கியதாக நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா பார்த்த பார்வையில் வரலாறு அப்படியே உள்ளே போய்விட்டது.

மறுபடி அவிக்க மாவு இல்லை, நேரமும் இல்லை. வெள்ளை இட்லி பாதி, ரோஸ் இட்லி பாதி. அப்பா மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்தார். மாதம் முழுவதற்கும் வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்தார். அந்த நல்லெண்ணெயின் விலை எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடம். கடகடவென்று ஊற்றி, பொடியைக் குழைத்து, ரோஸ் இட்லிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு மயிரிழை ரோஸ்கூடத் தெரியாமல் செங்கல் நிறத்துக்குப் பூசினார். வெள்ளை இட்லி அண்டா அவர் தலையில். பொடி இட்லி அண்டா என் தலையில்.

"யாரும் கேட்டா ஸ்பெசல்னு சொல்லு. வேற வாயே தொறக்கப்படாது" என்றார். அது எனக்குக் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

அண்ணாச்சி வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் பைப் அந்தப் பந்தலுக்கு அடியில்தான் ஓடியது. எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரோஸ் கட்சிப் பந்தல். நடுவே ஒரு போலீஸ் வேன். இரண்டு பந்தல் ஆட்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகக் காலையில் கூச்சலிடும் சந்து அன்று கிசுகிசுத்தது. ஒரு டம்ளர் கீழே விழுந்ததற்கு நாலு பேர் எழுந்து நின்றார்கள்.

வெள்ளை இட்லி ஐந்து நிமிஷத்தில் காலி. பிறகு என் அண்டா திறந்தது.

"அரே, ஸ்பெசல்! க்யா பாத் ஹை!" என்றான் ஒருவன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஊதாத் துண்டு கட்டிய அத்தனை பேரும் விரல் சூப்பிச் சாப்பிட்டார்கள். காரத்தில் எல்லார் வாயும் சிவந்திருந்ததால் வேறு எதுவும் தெரியவில்லை. அண்டாவின் அடியில் சில இட்லிகளே மிச்சம். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும் என்று அப்பா கண்ணால் சொன்னார்.

அப்போதுதான் அண்ணாச்சி பூத்தைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பசியில் இருந்தார்.

"சாதா இட்லி எடும் வே."

"தீந்து போச்சு அண்ணாச்சி. பொடி இட்லிதான் இருக்கு."

"காரம் ஆவாதுவே எனக்கு. வயித்துல புண்ணு. டாக்டரு மொளகாப் பக்கமே போவக்கூடாதுன்னுட்டாரு."

"அஞ்சு நிமிசத்துல சூடா வேற..."

"எதுக்கு வே? இது போதும்" என்றார். ஒரு தட்டில் இரண்டு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சொம்பை எடுத்தார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் என்றால் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார். இட்லியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

பொடி கரைந்து தட்டில் ஓடியது. அவர் கையில் இருந்தது அப்பட்டமான ரோஸ் இட்லி.

அவர் அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்பாவின் கை அண்டாவின் விளிம்பைப் பிடித்திருந்தது. அண்ணாச்சியின் கண் முதலில் எதிர்ப் பந்தலின் கொடிக்குப் போனது. அப்புறம் தன் ஆட்களின் எண்ணெய் வழியும் விரல்களுக்கு. அவர் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. எதிர்க்கட்சியின் நிறத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தன் ஆட்கள் ஓட்டுக்குக் கிளம்புகிறார்கள். இது ரோட்டைத் தாண்டினால், இந்தத் தேர்தலில் ஜெயித்தாலும் தாராவியில் தலைகாட்ட முடியாது.

"தாதா, க்யா ஹுவா?" என்று ஒருவன் நெருங்கி வந்தான்.

அண்ணாச்சி முழு இட்லியையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வர விழுங்கினார். இரண்டாவதைக் கழுவாமலே விழுங்கினார். வயிற்றுப்புண் என்ன சொன்னதோ தெரியாது.

"குச் நஹி. ஜா, ஜல்தி ஜா" என்று அவனை விரட்டிவிட்டு, அப்பாவைத் தூணோரம் இழுத்தார்.

"என்ன வே இது?"

"துணி, அண்ணாச்சி. கொடித் துணி."

"நாங்களுந்தானவே பதினஞ்சு கொடி குடுத்தோம்? அத எங்க வச்சீரு?"

இந்த இடத்தில் அப்பா ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நான் படித்த புரட்சியாளர்கள் எல்லாருமே நெருக்கடியில் பொய் சொன்னவர்கள்தான்.

"அது பாலியஸ்டர் அண்ணாச்சி" என்றார் அப்பா. "ஆவி ஏறாது. ஒட்டிக்கிடும்."

அண்ணாச்சி எதிர்ப் பந்தலின் கொடியை இன்னொரு தடவை பார்த்தார்.

"அவனுவ பருத்தியிலயா குடுத்தானுவ?"

"ஆமா அண்ணாச்சி. நல்ல பருத்தி." அந்த 'நல்ல' தேவையே இல்லை.

அண்ணாச்சி செருப்புக் காலால் கீழே ஓடிய எங்கள் பைப்பை இரண்டு தட்டுத் தட்டினார். "வெளிய ஒரு வார்த்த போச்சுன்னு வையும்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "வீட்டுக்குப் போரும்."

அன்றைக்குப் பகல் எப்படிப் போனது என்று சொல்வது கடினம். எங்களுக்குத் தண்ணீர் வருவது சாயங்காலம். அதுவரை மூன்று பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா ஒரே ஒருமுறை எழுந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில், அண்ணாச்சி வீட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கர்ர்... கர்ர்... ரம்பம்.

"அறுக்கான்" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து சட்டையைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுத் திருகினாள்.

குழாய் இருமியது. காற்று. மறுபடி காற்று. செம்மண் நிறத்தில் நாலு சொட்டு. பிறகு காற்றுக்கூட இல்லை. ரம்பச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குப் போனால் என்ன வேலை செய்வோம் என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். எனக்குத் தகுதியான வேலை ஒன்றும் அங்கே நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் குழாய் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கொட்டியது. குடத்தின் அடியில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் அறுத்தது பந்தல் மூங்கிலை. அவிழ்க்க நேரமில்லாமல் அறுத்தார்களாம்.

தேர்தலில் ரோஸ் கட்சி ஜெயித்தது. சில மாதங்களில் அண்ணாச்சியும் மாலையைப் போட்டுக்கொண்டு ரோஸ் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"அன்னைக்கு உள்ள போனது வேலை செஞ்சிருக்கும்" என்றாள் அம்மா.

"வாய மூடு. கேட்டுரப் போவுது" என்றார் அப்பா. ஆனால் அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

சேர்ந்த வாரமே அண்ணாச்சி எங்கள் வாசலுக்கு வந்தார். வலப்பக்கக் கொடியையும் இடப்பக்கக் கொடியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"விருந்து ஒண்ணு இருக்கு. எரநூறு இட்லி வேணும் வே. பொடி வேண்டாம்."

அப்பா தலையசைத்தார்.

அண்ணாச்சி போகத் திரும்பியவர் நின்றார். "நெறம் இனிமே எப்பிடி இருந்தாலும் சரிதான்" என்றார்.

அவர் சிரிக்கிறாரா என்று அப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மத்தியானமே மாட்டுங்கா போய், கடைக்காரன் சொன்ன விலையில் பேரம் பேசாமல், ஐந்து மீட்டர் வெள்ளை மல் வாங்கிக்கொண்டு வந்தார். பைப் இன்னும் அண்ணாச்சி வாசல் வழியாகத்தானே வந்துகொண்டிருந்தது.