இரண்டையும் சேர்த்துக் கேட்ட துஆ

சகோதரிகளே, போன வருடம் ஜூன் மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரத்தில், என் வயிற்றில் இருந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு முதுகெலும்பு சரியாக மூடாமல் இருக்கலாம் என்று போனில் சொன்னார்கள். நான் அப்போது நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் நான் அழுதது வீட்டில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

எனக்கு ஊர் கடையநல்லூர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. அந்த ஏழு வருடத்தில் என்னிடம் யார் யார் என்ன கேட்டார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் பலருக்கு அது தெரியும்.

கடைசியில் அல்லாஹ் கொடுத்தான். முதல் ஸ்கேனிலேயே இரட்டை என்று தெரிந்துவிட்டது. அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போதே மாமி, அதாவது என் கணவரின் உம்மா, சட்டம் போட்டுவிட்டார்.

"ஏட்டி, ரெட்டைன்னு ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாத. ஏழு வருசம் கழிச்சு வந்திருக்கு. கண்ணு பட்டுரும். யாரு கேட்டாலும் முழுகாம இருக்கேன்னு மட்டும் சொல்லு."

எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. கண்ணேறுக்குப் பயந்து வயிறு வெளியே தெரிகிறவரை வாயே திறக்காதவர்கள் உண்டு. யாராவது பிள்ளையைப் பாராட்டினால், கண் படாமலிருக்க 'மாஷா அல்லாஹ்' சொல்லவைத்துவிட்டுத்தான் விடுவார்கள். என் உம்மாவுக்கும் தங்கைக்கும் தவிர வேறு யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. மாமி மோசமான மனுஷி இல்லை. எனக்கு வாந்தி நிற்காத நாட்களில் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டியவர் அவர்தான்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு ஏதும் குறை இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கிற பரிசோதனை. தென்காசியில் ஒரு லேபுக்கு மாமியோடு போனேன். ரத்தம் கொடுத்தவுடன் குமட்டிக்கொண்டு வந்தது. நான் பாத்ரூமில் இருந்தபோது அந்த லேப் பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமிதான் வெளியே நின்று பதில் சொன்னார்.

ரிப்போர்ட் வந்த வாரம் எங்கள் டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக இருந்தவர்தான் போன் செய்தார். முதுகெலும்புக் குறைக்கான வாய்ப்பு அதிகமாகக் காட்டுகிறது என்றார்.

"ரெண்டு பிள்ளையில எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரத்தத்துல அது தெரியாதும்மா. ஸ்கேன்லதான் தெரியும். இப்ப பாத்தா தெளிவா இருக்காது, ரெண்டு வாரம் போகட்டும். அதுக்குள்ள வீட்ல பேசி வைங்க."

எதைப் பேசி வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

வகுப்பில் நான் பகடையை உருட்டிக் காட்டித்தான் நிகழ்தகவு நடத்துவேன். வாய்ப்பு என்பது வேறு, நடப்பது வேறு என்று வருடா வருடம் சொல்கிறவள் நான். அந்த ரிப்போர்ட்டில் இருந்ததும் ஒரு வாய்ப்புதான், தீர்ப்பு இல்லை. ஆனால் அதை என் வயிற்றுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் இருப்பதா, இடது பக்கம் இருப்பதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஏதோ சொத்தைக் கத்தரிக்காயைத் தேடுகிற மாதிரி. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

கணவரிடம் சொன்னேன். "ஒண்ணு நல்லா இருக்கும்லா?" என்றார். "கொறை இருக்கதை மட்டும் கலைக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன். ரெண்டும் போயிரக் கூடாது, அதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் மேல் கோபம் வரவில்லை. அதே எண்ணம் எனக்கும் வந்திருந்தது. பயந்தவர்கள் இரண்டு பேர் பேசினால் இப்படித்தான் பேசுவார்கள்.

விஷயம் தெரிந்ததிலிருந்து மாமி தஸ்பீஹ் மணியைக் கீழே வைக்கவே இல்லை. "எந்தக் கண்ணு பட்டுதோ, எந்தப் பாவி கண்ணோ" என்று புலம்புவார், பிறகு மறுபடியும் ஓத உட்காருவார். நானும் ஐந்து வேளைத் தொழுகையிலும் அழுது துஆ கேட்டேன். யா அல்லாஹ், குறையில்லாத பிள்ளையாகக் கொடு. அந்த ஒன்றைத்தான் கேட்டேன். தொழுது முடித்து எழுந்தால் பயம் அப்படியே இருந்தது.

இந்த நிலையில் விருந்தாளிகள் வேறு. சீசன் வந்தால் எங்கள் வீடு லாட்ஜ்தான். சென்னையிலிருந்து கணவரின் சித்தப்பா குடும்பம் வந்து இறங்கியது. வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. எல்லோரும் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக அருவிக்குப் போய்விட்டார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். வேனில் நான் மட்டும் இருந்தேன்.

வெளியே சாரல். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். எதிரே ஒருவர் மங்குஸ்தானைக் கூடையில் குவித்து விலை கூவிக்கொண்டிருந்தார். வீட்டில் எனக்கு அப்படித் தனிமை கிடைத்ததே இல்லை. உட்கார்ந்தபடியே கையேந்தினேன். வழக்கமான துஆவைத் தொடங்கினேன், வாய் வேறு எதையோ சொன்னது.

"யா அல்லாஹ், எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. நீ தந்தது. ரெண்டும் எனக்கு வேணும். கொறையோட வந்தாலும் வேணும். ஒண்ணை வேண்டாம்னு நெனைக்கிற நெஞ்சை மட்டும் எனக்குத் தந்துராத."

சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே 'ரெண்டு' என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அழுதேன். அழுகை அடங்கியபோது, இத்தனை நாளும் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பாரம் இறங்கியிருந்தது. பயம் இருந்தது, அது என்னை ஆட்டிவைக்கவில்லை. அங்கிருந்தே கணவரைக் கூப்பிட்டேன்.

"மச்சான், என்ன வந்தாலும் ரெண்டையும் பெத்துக்கிடுவோம்."

"சரி. நீ சொன்னா சரிதான். நான் லீவு கேக்கேன்" என்றார். அருவியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் என்னைப் பார்த்து, குளிர்காற்று ஒத்துக்கொண்டது போல, முகம் தெளிந்திருக்கிறது என்றார்கள்.

டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிந்து தென்காசியில் ஸ்கேன். இந்த டாக்டர் வேறு ஒருவர், வயதானவர். வெகுநேரம் பார்த்தார். திரையில் வெள்ளையாக இரண்டு முதுகெலும்புகளைக் காட்டினார். கோர்த்த மணி மாதிரி, மேலிருந்து கீழ்வரை ஒரு மணி பிசகாமல்.

"ரெண்டும் நல்லா மூடியிருக்கும்மா. மூளையும் நல்லா இருக்கு. அப்ப ரத்தத்துல ஏன் கூடுதலா வந்துது?" என்று ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். "லேப்ல ரெட்டைன்னு சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்போமா டாக்டர்" என்றேன்.

கதவுப் பக்கம் மாமி நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தேன். தஸ்பீஹ் மணி கையில் அப்படியே நின்றிருந்தது.

"நாந்தான் ஒண்ணுன்னு சொன்னேன்" என்றார் மாமி. "அந்தப் புள்ள கேக்கும்போது பக்கத்துல நம்ம தெரு ஆளு ஒருத்தி உக்காந்திருந்தா. அவளை வச்சுக்கிட்டு ரெட்டைன்னு எப்படிச் சொல்லுவேன்? ரத்தம் எடுக்கதுக்கு எண்ணிக்கை எதுக்குன்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பரிசோதனையில் பார்க்கிற ஒரு பொருள் பிள்ளையின் உடம்பிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வருவது. இரண்டு பிள்ளை இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். ஒரு பிள்ளைக்கான அளவோடு ஒப்பிட்டால் குறை இருப்பது போலத்தான் காட்டும். லேபுக்கு இரட்டை என்று தெரியாது. டாக்டர்களும் நானும் லேபுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள் லேபில் கணக்கைத் திருத்திப் போட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது.

மாமி அன்று வீடு வரும்வரை என் கையை விடவில்லை. "நான் பண்ணுன வேலைக்கு நீ கிடந்து செத்தியே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எந்தப் பாவி கண்ணோ என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒரு டீச்சர் கேட்டார். பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே ஒன்றும் இல்லையே, பிறகு துஆ எங்கே பலித்தது என்று. நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இது. என் துஆ ஸ்கேன் அறையில் பலிக்கவில்லை, வேனில் பலித்தது. ஒன்றை வேண்டாம் என்று நினைத்துப் போன நெஞ்சு, இரண்டும் வேண்டும் என்று திரும்பி வந்தது. ஸ்கேனில் குறை தெரிந்திருந்தாலும் அந்த நெஞ்சு என்னிடம் இருந்திருக்கும். நல்ல செய்தி அதற்கு மேல் அல்லாஹ் கூடுதலாகத் தந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அக்டோபர் மழையில் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். எடை கொஞ்சம் குறைவு, வேறு குறை இல்லை. கணவர் லீவில் வந்து, இரண்டு கையிலும் இரண்டு பேரை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றார்.

எல்லோருக்கும் ரிப்போர்ட் தப்பாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் போங்கள், கேட்கிறதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அல்லாஹ்விடமும் சொல்லுங்கள், அழகான துஆவாக இருக்க வேண்டாம், பயத்தையும் அப்படியே சொல்லுங்கள். அவன் பிள்ளையைத் திருத்துவானோ, உங்கள் நெஞ்சைத் திருத்துவானோ, அது அவன் முடிவு. வெறுங்கையோடு அனுப்ப மாட்டான். நான் அனுபவித்ததைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் தடுப்பூசிக்குப் போனோம். மாமி ஒரு பிள்ளையை முந்தானைக்குள் வைத்திருந்தார், ஒன்று என்னிடம். கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே, "எத்தன பிள்ளைக்கு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்தானையை விலக்கி எழுந்து நின்றார்.

"ரெண்டு" என்றார், அந்த அறை முழுக்கக் கேட்கும்படி. "ரெட்டை. எல்லாரும் மாஷா அல்லாஹ்ன்னு சொல்லுங்க."