ஈயம் இழுத்த புல்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் வயலை ஒட்டி ஒரு பட்டறை இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுப்பார்கள். பட்டறையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஈயம் எங்கள் மண்ணிலேயே தங்கிவிட்டது. அதில் விளைவதைத் தின்னக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னவள் நான்தான். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். கண்ணை மூடுவதற்குள் அந்த வயலில் இன்னொரு தடவை கடலை போட்டுவிட வேண்டும், அப்பாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

பட்டறைச் சுவரடியில் எதுவும் முளைக்காத இடத்தில் ஒரு புல் மட்டும் செழித்து நின்றது. அதன் வேருக்குள் குடியிருந்த பாக்டீரியாவைப் பிரித்து, லேப்பில் வளர்த்து, புல் நாற்றை அதில் நனைத்து வயல் முழுக்க நட்டேன். அந்தப் பாக்டீரியா துணையிருந்தால் புல் ஈயத்தை மண்ணிலிருந்து மேலே இழுக்கும். பிறகு புல்லை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். இப்படியே வருடக்கணக்கில்.

அப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "இந்தப் புல்லு மண்ணைச் சுத்தம் பண்ணும்ப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். புல்லே விஷமாகிவிடும் என்றால் நட விடமாட்டாரோ என்று பயம். வகுப்பில் மணிக்கணக்கில் பேசுகிற வாய் இது.

கோடையில் புல் அறுக்க ஊருக்குப் போனேன். வயல் மொட்டையாகக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் ஆட்டுப் புழுக்கை. எங்கள் பக்கம் கோடையில் கிடை போடுவது வழக்கம். கீதாரி தன் மந்தையை நாலு நாள் வயலில் அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். அப்பா கீதாரியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நீ மண்ணைச் சுத்தம் பண்ணுற. நானும் என் பங்குக்குக் கொஞ்சம் உரம் ஏத்துவமேன்னுதான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் புழுக்கையைக் காலால் எத்தினேன். புல்லை ஆடுகள் மேய்ந்துவிட்டதால், மேலே வந்த ஈயத்தில் பெரும்பகுதி புழுக்கையாக மறுபடி மண்ணுக்கே போய்விட்டது. மிச்சத்தை ஆடுகள் உடம்பில் சுமந்துகொண்டு போய்விட்டன. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் இருக்குறதுக்குள்ள கடலை போட முடியுமா? அத மட்டும் சொல்லு."

"முடியாதுப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "ஆடுக?" என்றார்.

கீதாரிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் கறம்பக்குடிப் பக்கம் வேறொருவர் வயலில் கிடை போட்டிருந்தார். புல்லைப் பற்றிச் சொன்னேன். ஆடு எதையும் விற்க வேண்டாம், அறுக்க வேண்டாம், டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன்.

"ரெண்டு செனையாடு தீனி எடுக்காமக் கெடக்கு. வெயிலுன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா ஆத்தா?" என்றார்.

அப்பாவும் அதைத்தான் கேட்கிறார் என்பது அவர் என்னைப் பார்க்காததிலேயே தெரிந்தது.