கடதாசியைப் பாராமல் கேட்டவர்

1941ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், அச்சுவேலியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அண்ணையின் கலியாணம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன் நிழலில் பாய் விரித்து, பகல் முழுவதும் சீட்டுக் கடதாசியில் முந்நூற்றுநாலு விளையாடினோம். கலியாண வீடு என்றால் எங்கள் பக்கத்தில் கடதாசிக் கூட்டம் இல்லாமல் இராது.

அண்ணையும் அத்தானும் ஒரு பக்கம். நானும் அண்ணையின் புது மனைவியான மச்சாளும் மறுபக்கம். அத்தான் என்பது என் மாமாவின் மகன். மலாயாவில் ரயில்வேயில் வேலை. எனக்கும் அவருக்கும் கலியாணம் என்று பெரியவர்கள் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். ஆனால் அது அடுத்த லீவில், அதாவது மூன்று வருடத்துக்குப் பிறகு. அடுத்த கிழமை அவருக்குக் கப்பல்.

இந்த விளையாட்டில் முதலில் ஆளுக்கு நாலு கடதாசிதான் கிடைக்கும். அதை வைத்தே, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும். கேட்டவர் ஒரு கடதாசியை, மற்ற இனங்களை வெட்டுகிற துரும்பாகக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மிச்ச நாலும் வரும். அத்தான் அந்த முதல் நாலையும் எடுத்துப் பார்ப்பதே இல்லை.

"டேய், பாத்திட்டுக் கேளடா! என்னையும் சேர்த்துத் தாழ்க்கப் போறாய்" என்று அண்ணை கத்துவார்.

"பாத்தால் பயம் வரும், மச்சான். இருநூற்றைம்பது!"

ஒவ்வொரு தடவையும் வென்றார். மச்சாளின் காதிலும் என் காதிலும் தோற்றவர்களுக்கான பூவரசம் இலைகள் தொங்கின. கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்து வந்தவள் நான். சத்திரசிகிச்சையில் வயிற்றைத் தைத்து மூடுமுன், உள்ளே போன துணிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிச் சொல்வது என் வேலை. எனக்கு அவருடைய விளையாட்டு எரிச்சலாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலவும் இருந்தது.

பின்னேரம் கடைசி ஆட்டத்துக்குக் கடதாசி போடும்போது, நானே எதிர்பாராமல் வாய் திறந்தேன்.

"அத்தான், ஒரு பந்தயம். நான் வெண்டால் நீங்கள் இந்தக் கப்பலிலை போறேல்லை. தையிலை கலியாணம் முடிச்சிட்டுத்தான் போறது."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உவளைப் பாருங்கோ, ஊசி போடுற கைக்கு வந்த துணிவை!"

அத்தான் சிரிக்கவில்லை. "நான் வெண்டால்?"

"மூண்டு வருசமும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் காத்திருப்பன்."

"ஓம்" என்றார். அப்போதும் கடதாசியைப் பார்க்கவில்லை. இருநூற்றைம்பது கேட்டு, கையில் வந்த ஒன்றை உருவி, பாராமலே துரும்பாகக் கவிழ்த்தார். பிறகு கடதாசிகளை விரித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. அன்றைய அதிர்ஷ்டம் இன்னும் விடவில்லை.

நான் எண்ணினேன். எந்த இனத்தில் எது விழுந்தது, எது விழவில்லை, யார் கையில் எது தீர்ந்தது என்று வரிசையாக மனதில் வைத்துக்கொண்டேன். இடையில் துரும்பு வெளியே வந்தது. கறுப்புக் கிளாவர் இனம். என்னிடம் இருந்தது கிளாவர் ஏழு ஒன்றுதான்; அதற்குப் புள்ளியே கிடையாது. ஆனாலும் வெட்டலாம். வெட்டுகிற சந்தர்ப்பம் இரண்டு தடவை வந்தது. மச்சாள் கண்ணால் கெஞ்சினாள். நான் வேறு கடதாசியைப் போட்டேன். சிவப்பு ஆட்டின் இனத்து ஜாக் இன்னும் வரவில்லை. இந்த விளையாட்டில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரியது.

கடைசிச் சுற்றில் அதை அவர் பாயில் ஓங்கி அடித்தார். நான் கிளாவர் ஏழை மெதுவாக அதன்மேல் வைத்தேன். கேட்ட புள்ளி அவருக்கு வரவில்லை.

அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். அத்தான் அந்தக் கடதாசியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு பூவரசம் இலையைத் தானே பறித்துக் காதில் கொழுவிக்கொண்டு, "சரி, தைக்குப் பிறகு போவம்" என்றார்.

சொன்ன சொல்லைக் காத்தார். மார்கழியில் மலாயாவில் யுத்தம் வந்தது. தையில் எங்கள் கலியாணம் நடந்தது. அதற்குப் பிறகு கப்பலே இல்லை. அவர் போகவிருந்த கப்பலில் போன ஊர்ப் பையன்கள் இருவரிடமிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவர்களுடைய தாய்மார் என்னைக் கண்டால், "நீ கெட்டிக்காரி, பிள்ளை" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பார்கள்.

அவர் இப்போது ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறார். என்னைக் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. எப்போதாவது விளையாட உட்கார்ந்தால், நாலு கடதாசியையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"கேளுங்கோவன்" என்பேன்.

"இந்தக் கையிலை என்னத்தைக் கேக்கிறது?" என்பார்.

அன்று நான் எண்ணியதில் பிழை இல்லை. அவர் உயிரோடு என் பக்கத்தில் இருக்கிறார். ஆனாலும் ஒரே ஒரு தடவை அவர் பாராமல் கேட்கமாட்டாரா என்று, அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே நான் ஏங்குகிறேன்.