பூஜைக்கு ஒரு தோட்டா

மகள் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. காற்றுத் துப்பாக்கிதான். குண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறாள், பெல்லட் என்று சொல்ல வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனபோது, குழலுக்குள் விட்டு வெளியே நீட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் நரம்பைக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கு அது அடையாளம். அது இல்லாமல் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தால் கோச் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். "காலின்னு நாம சொன்னாப் பத்தாதுப்பா, பாக்கறவங்களுக்குத் தெரியோணும்" என்றாள். பதினான்கு வயதுக்குப் பெரிய பேச்சுதான். பெருமையாகச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. போன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாசம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய்க்கு ஏறக்குறைய சொந்தம். எனக்கு மட்டும் அது சூலூரில் போய் நிற்கும். வெள்ளகோவிலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஊரில் 'ஸ்டோர் இன்சார்ஜ்' என்று சொல்லிக்கொண்டேன். இன்சார்ஜ் என்றால் சாவி என்னிடம் இருக்கும், பூட்டைத் திறக்கலாமா வேண்டாமா என்பதை முதலாளி சொல்வார்.

விமானப் படைத் தளம் பக்கம். விமானம் தாழப் பறந்தால் பேசுகிறவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட வாயை மூடிக்கொள்கிறேன். நான் நல்ல பொறுமைசாலி என்று மனைவி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அங்கே ரூம் பிடித்துக் கொடுத்தவர் சரோஜாக்கா. வைண்டிங் செக்‌ஷனில் மூத்தவர். செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, மோட்டாரின் இடுக்குகளில் விரலாலேயே அழுத்தி இறக்குவார். வாய் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும், சட்டைப் பொத்தான் போடவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை என்று. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்யும். அவர் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததே இல்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அக்காவுக்கு அது காதில் விழாத மாதிரி முகம் இருக்கும், ஆனால் விழுந்திருக்கும்.

முதலாளி வீட்டில் தெலுங்கு, பட்டறையில் கொங்குத் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். மோசமான மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மோசமானவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. மலையடிவாரம், யானை வருகிறது என்று எழுதிக்கொடுத்து ஒரு பிஸ்டலுக்கு லைசன்ஸ் வாங்கியிருந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் பழைய பிஸ்டல். யானைக்கு முன்னால் அதைக் காட்டியிருந்தால் யானைக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

அதைச் சுத்தம் பண்ண டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் லைசன்ஸ் உள்ள ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போவோம். கார் நிறுத்த இடம் கிடைக்காது, இறங்கிக் கை காட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போவார். ஒரு வருஷம் கடைக்கார பாய் பிஸ்டலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுத்தியல் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இது பழைய மாடலுங்க. இந்தச் சுத்தி நேரா ஊசி மேல உக்காருது, ஊசி குண்டு மேல உக்காருது. புதுசுல நடுவால ஒரு தடுப்பு இருக்குமுங்க, விசையை அமுத்தற வரைக்கும் ஊசி நகராது. இதுல அது இல்லீங்க. உள்ள ஒண்ணு இருக்கையில கீழ உழுந்துச்சுன்னா, நீங்க தொடவே வேண்டாம், தானா வெடிக்கும்."

மேகசீனைக் கழட்டிவிட்டால் காலி என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். மேகசீன் என்பது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி. அதை உருவிய பிறகும் குழலின் அடியில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். மேல்மூடியைப் பின்னால் இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சில்லென்று இருந்தது. முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். சாமி முன்னால் வெறும் பாத்திரம் வைத்தால் வருஷம் முழுக்க வெறுமைதான் என்பார்கள். ஸ்க்ரூ டப்பாக்களைத் தளும்பத் தளும்ப நிரப்புவேன். எண்ணெய்க் கேன், வேனின் டீசல் டேங்க், கம்பி உருளை, எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். நானும் என் பங்குக்குப் பேனாவில் மை நிரப்பி வைப்பேன். பிஸ்டலும் சிவப்புத் துணி விரித்த மேஜைமேல் வரும்.

அன்று காலை முதலாளி அதைக் கொண்டுவந்து வைத்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். மேகசீனைக் கழட்டித் தனியாக வைத்தார். பாதுகாப்புக்கு அது. ஒரு தோட்டாவைக் குழலில் போட்டு மூடி, சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார். சாமிக்கு இது. இரண்டு பக்கமும் சரிக்கட்டிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏனுங் மொதலாளி, பாய் அன்னிக்கு என்னமோ சொன்னாருங்களே, அது ஒருவேளை பாத்துக்கலாமுங்களா" என்றேன். எப்படிப்பட்ட வாக்கியம் பாருங்கள். குண்டு, ஆபத்து, எடுங்கள் என்ற வார்த்தைகள் அதில் எங்கேயாவது இருக்கின்றனவா? எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் கொஞ்சம் சூடாக இருக்கிற மாதிரி இருக்குதுங்க என்போம்.

"காலி ஆயுதத்தை ஆராச்சும் சாமிக்கு வெப்பாங்களா கண்ணு? போயி பூசணிக்காய எடுத்துட்டு வா" என்றார்.

போய் பூசணிக்காயை எடுத்துவந்தேன். அதைக் குடைந்து காசும் குங்குமமும் போட்டேன். திரும்பியபோது சரோஜாக்கா ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பிஸ்டலின் சுத்தியலுக்கும் ஒரு பொட்டு வைத்தார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவாரோ என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை.

தீபாராதனை முடிந்து எல்லோரும் கார் பூஜைக்கு வாசலுக்குப் போனார்கள். சக்கரம் ஏறி எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். உள்ளே நானும் அக்காவும் மட்டும். என் கையில் பொரி நிரப்பிய முறம். அதை வைக்க இடம் வேண்டும் என்று அவர் பெரிய தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தார். தாம்பாளத்தோடு துணியும் வந்தது. துணியோடு பிஸ்டலும் நகர்ந்து, விளிம்பில் ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்றது.

நான் பார்த்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதும் பார்த்தேன். கையில் முறம் இருந்தது, பொரியைக் கீழே கொட்டிவிடக் கூடாது என்று ஒரு நினைப்பு. சத்தியமாக அதுதான் நினைத்தேன். அக்கா, கீழே விழும் டம்ளரைப் பிடிக்கிற மாதிரி சட்டென்று குனிந்து கையை நீட்டினார். பிஸ்டல் அவர் கைக்குச் சிக்காமல், பின்பக்கம் கீழாக சிமெண்ட் தரையில் விழுந்தது. வெளியே இருந்தவர்கள் யாரோ வெடி போட்டார்கள் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

தோட்டா அவருடைய வலது உள்ளங்கையில் நுழைந்து புறங்கையில் வெளியேறியிருந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

"சாமி சாமானக் கீழ உட்டுப்போட்டனே தம்பி" என்றார்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அந்தக் கையை ஒரு துண்டால் சுற்றிப் பிடித்திருந்தேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் காரில் போகும்போது முதலாளி அழுதார். நிஜமான அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள குண்டு இருந்தது ஆருக்குந் தெரியாதுன்னு சொல்லியிருக்கறேன் கண்ணு. நீயும் அப்படியே சொல்லிப்போடு" என்றார். ஏட்டய்யா கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பூஜைக்கென்று மை நிரப்பிய பேனாதான் சட்டைப்பையில் இருந்தது.

அக்காவின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. பேக்கிங்கில் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு, கண் மட்டும் வைண்டிங் செக்‌ஷன் பக்கமே இருக்கும். ஒரு நாள் இடது கையால் சுருள் இறக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினார். கம்பி பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுவிட்டார்.

சில வருஷம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நான் ஆரம்பிக்கும் முன்பே அவர், "உங்களுக்கும் தெரியாம போச்சு. தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா தம்பி" என்றார். சொல்லிவிட்டு, காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டினார். "ஆமாங்கக்கா" என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். முதலாளி காலமாகிவிட்டார், பையன்கள் வெளிநாட்டில். டவுன்ஹால் சந்தில் பாயின் கடையும் இல்லை, செல்போன் கவர் விற்கிறார்கள்.

மகளைக் கூட்டிவந்த மறுநாள், மனசு கேட்காமல் சூலூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, சித்திரையிலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேட்டார்.

மேலே விமானம் எதுவும் போகவில்லை. இருந்தும் அது கடந்து போகக் காத்திருக்கிறவனைப் போல அண்ணாந்து பார்த்தேன்.

"ஒண்ணா வேலை செஞ்சமுங்க" என்றேன்.