கச்சான் காற்றில் கவிழ்ந்த பாய்வள்ளம்

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஓர் ஆடி மாதம், உப்புவெளிக் கடலில் நடந்தது இது. அங்கே ஒரு விடுதியில் நான் எடுபிடி வேலை செய்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

விடுதியில் ஒரு சின்னப் பாய்வள்ளம் இருந்தது. இரண்டு மிதவைகள், நடுவில் உட்கார ஒரு வலைத்துணி, ஒரு பாய்மரம். அதை ஓட்டுகிறவள் மூதூர்ப் பிள்ளை, ஈர்க்குச்சி உடம்பு. ஒருநாள் மத்தியானம் நானும் ஏறினேன். பாய்க்கயிற்றை என் கையில் தந்தாள்.

"அண்ணே, காத்து அடிச்சா உடனே விடோணும். கட்டிப்போடாதீங்க."

"கடற்கரையில பிறந்தவனுக்கே கதை சொல்றியா தங்கச்சி?"

நான் பிறந்தது கடற்கரை இல்லாத பாலையூற்றில்.

பத்து நிமிடத்தில் கை எரிந்தது. அவள் பார்க்காத நேரம் ஆட்டைக் கட்டுவது போல இறுக்கிக் கட்டிவிட்டேன். கச்சான் ஓர் அறை விட்டது. வள்ளம் சரிந்து, பாய் தண்ணீரில் படுத்தது.

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி ஆழ்கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். விடுதி தீப்பெட்டி அளவாகிவிட்டது. நான் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

கயிறு இறுகியிருந்தால், நிமிர்த்தினாலும் வள்ளம் திரும்பக் கவிழும். முடிச்சோ தண்ணீருக்குள். லைஃப் ஜாக்கெட்டோடு மூழ்க ஏலாது என்று அதைக் கழற்றி என்னிடம் தந்தாள். மூன்று தடவை மூழ்கி, பல்லாலும் நகத்தாலும் அவிழ்த்தாள். பிறகு நீந்திப் போய் வள்ளத்தின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பினாள்.

"அண்ணே, உங்கட எடை எவ்வளவு?"

"இப்ப ஏன் அது? தொண்ணூறு."

"நல்லம். எனக்குத் தனிய ஏலாது. கீழ் மிதவையில ஏறி, மேல் மிதவையில கட்டின இந்தக் கயித்தைப் பிடிச்சுப் பின்னுக்குச் சாயுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் தொப்பைக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு பேரும் சாய்ந்தோம். பாய் அசையவே இல்லை. பிறகு பாய்மர நுனி மெல்லக் கிளம்பியது. காற்று பாய்க்கு அடியில் புகுந்து தூக்க, மேல் மிதவை படாரென்று இறங்கியது. அது மண்டையில் விழாமல் என்னை இழுத்ததும் அவள்தான்.

கரையில் முதலாளி என்ன நடந்தது என்று கேட்டார்.

"காத்து கூடிப் போச்சு, சேர்" என்றாள். நானும் உத்தமன் போலத் தலையாட்டினேன்.

ஏன் கட்டினீர்கள் என்று கடலுக்குள்ளேயும் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யாராவது பிழை விட்டு முழிக்கும்போது இன்றைக்கும் என் வாய் திட்டத்தான் திறக்கும். அவளை நினைத்து மூடிக்கொண்டு, முதலில் கையைக் கொடுக்கிறேன்.