ஹன்னாவின் மெழுகுப் பற்கள்

1. வராத நோயாளி

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்த லாபோருக்கு, கட்டுப்பல் செய்யும் பட்டறைக்கு, டெலிபோன் வந்தது. எடுத்தது நான்தான். மறுமுனையில் சுகந்தி.

“அண்ணை, அந்த உக்ரைன் அம்மா இண்டைக்கும் வரேல்லை. மனுசன் மட்டும் வந்து நிக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள்ள பல்லு வேணுமாம். ஏலாதெண்டு சொன்னாலும் போறார் இல்லை. ஒருக்கா வாறீங்களோ?”

சுகந்தி சுவிஸில் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் ஒரு பல் டொக்டரின் உதவியாளர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படித்தவர். டொக்டர் வாயில் எடுக்கும் அச்சை எங்கள் லாபோருக்கு அனுப்புவார். நாங்கள் அந்த அச்சில் கிப்ஸ் என்ற வெள்ளைச் சாந்தைக் கரைத்து ஊற்றி, தாடையின் மாதிரியைச் செய்து, அதன்மேல் கட்டுப்பல் செய்வோம். இந்த வேலைக்கு வர முன்பு நான் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். பிறகு லாபோரில் கிப்ஸ் கலக்கச் சேர்ந்து, அங்கேயே தொழில் பழகி, அங்கேயே ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்தில் நான் செய்த பற்களுக்குக் கணக்கில்லை. அவற்றைப் போட்டுக்கொண்ட ஆட்களில் நான் கண்டவர்கள் மிகச் சிலர். ஒரு தொழில்நுட்பாளருக்கு வாய் என்பது மேசையில் இருக்கும் கிப்ஸ்தான்.

அந்த அம்மாவின் மாதிரி என் மேசையில் இரண்டு கிழமையாக இருந்தது. பெயர் ஹன்னா. மேலும் கீழும் ஒரு பல்லும் இல்லை. இரண்டாம் டெர்மினில், டொக்டரிடம் வரக் குறித்த நாளில், கடி அளவு எடுக்க வேண்டும். அதற்கு அவர் வரவேயில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் எடுத்துப் போனேன். காத்திருக்கும் அறையில் தொப்பியை மடியில் வைத்தபடி ஒரு கிழவர் இருந்தார். மிக்கோலா, ஹன்னாவின் கணவர். இளமையில் சோவியத் இராணுவத்தில் கிழக்கு ஜெர்மனியில் இருந்தவராம். அங்கே பழகிய டொச், ஜெர்மன் மொழி, இன்னும் கொஞ்சம் வாயில் இருந்தது. மனைவிக்கு ஒரு சொல்லும் தெரியாது. டொக்டர், சமூக அலுவலகம், பஸ், கடை எல்லாவற்றிலும் அவருக்காகக் கதைத்தது இவர்தான்.

அவர்களுடைய ஊர் நாட்டு எல்லையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் அப்பால் இருக்கும் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார்கள். போர் தொடங்கிய பிறகு அதே பக்கத்திலிருந்து ஷெல் வந்தது. கடைசி வரை வெளிக்கிடுவதில்லை என்றுதான் இருவரும் இருந்தார்கள். ஒரு விடியற்காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் வான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, இப்போதே ஏறச் சொன்னார். ஏறினார்கள். ஹன்னாவின் பழைய கட்டுப்பற்கள் குசினி ஜன்னலில் ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் இருந்தன. இரண்டாவது செக்பொயின்ற் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் போகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வான்காரர் திருப்பியிருக்க மாட்டார்.

இது எல்லாம் சரி, ஏன் வெள்ளிக்கிழமை என்று டொக்டர் கேட்டார்.

மிக்கோலா சொன்னதை நான் இங்கே சுருக்கித் தருகிறேன். அவர்களுக்கு ஒரே மகன், அந்திரி. இராணுவத்தில் இருக்கிறான். இவர்கள் சுவிஸுக்கு வந்து சேர்ந்த பிறகு அவன் முதல்முறை எடுத்தபோது ஹன்னா டெலிபோனைக் கையில் வாங்கி, ஒரு சொல் சொல்லிப் பார்த்து, உடனே கணவரிடம் கொடுத்துவிட்டார். பல்லில்லாத தன் குரலை அவருக்கே பிடிக்கவில்லை. ஹன்னாவின் தாய் பாரிசவாதம் வந்து, வாய் குழறிக் குழறிக் கதைத்து, ஒரு வருடம் கிடந்து இறந்தவர். அந்திரி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தக் குரலுக்குப் பயந்து அறைக்குள் வரமாட்டானாம். அதே குரலை இப்போது மகன் கேட்கக்கூடாது என்று ஹன்னா தீர்மானித்துவிட்டார். அம்மா நித்திரை, அம்மா கடைக்குப் போய்விட்டா, அம்மா குளிக்கிறா என்று மிக்கோலா ஒவ்வொரு முறையும் ஒன்று சொன்னார்.

“போன கிழமை அவன் என்னிடம் கேட்டான்,” என்றார் மிக்கோலா. “‘அப்பா, உங்களை ஏசமாட்டேன். அம்மாவை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டான்.”

டொக்டர் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். சுகந்திதான் கேட்டா, பல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த அம்மா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று. மிக்கோலா தலையை ஆட்டினார். மகன் கேட்டதை அவர் மனைவியிடம் சொல்லவேயில்லை. சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன் சிக்னல் உள்ள இடத்துக்கு வருவான். அதற்குப் பிறகு எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது.

சுகந்தி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டா: “முடியுமோ அண்ணை?”

முழுச் செட்டை முடித்துப் பிளாஸ்டிக்காக்க முடியாது என்றேன். “மெழுகில பல்லை வைச்சுத் தரலாம். அதோட கதைக்கலாம், சாப்பிட ஏலாது. ஆனா அவ நாளைக்கு வந்து வாயைத் திறக்கவேணும்.”

பிறகு சுகந்தி மிக்கோலாவுக்கு முன் குந்தியிருந்து டொச்சில் சொன்னதை நான் மறக்கவில்லை. “வீட்டுக்குப் போய் மகன் கேட்டதை அப்படியே அவவிட்டச் சொல்லுங்கோ. அவ தாங்குவா.”

2. வெள்ளிக்கிழமை

எங்கள் ஷெஃப், லாபோர் முதலாளி, கெட்டவர் இல்லை, ஒழுங்கு பார்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும், “இது பல் லாபோர், டெலிபோன் லாபோர் இல்லை,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசைக்கு வந்து, அவசரமாகக் கிடந்த இரண்டு கிரவுண் பல்லுறை வேலையைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே செய்தார்.

புதன்கிழமை ஹன்னா வந்தார், கடி அளவு எடுத்தார்கள். அழுதாவோ என்று சுகந்தியிடம் கேட்டேன். அழவில்லை, கணவரைத்தான் ஒரு பார்வை பார்த்தா என்றா. வியாழக்கிழமை முழுக்கப் பல் அடுக்கினேன். வெள்ளிக்கிழமை பெட்டியை நானே கொண்டுபோனேன்.

ஹன்னாவை அன்றுதான் முதலில் கண்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். அகன்ற தோள், பெரிய கை. உதடு உள்ளே போயிருந்ததால் வயதுக்கு மேல் வயது தெரிந்தது. மெழுகுப் பல்லை வைத்ததும் முகம் எழும்பியது. அவர் கண்ணாடி கேட்கவில்லை.

கட்டுப்பல் போட்டவர் சரியாகக் கதைக்கிறாரா என்று பார்க்க நாங்கள் எண்ணச் சொல்வோம். டொச்சில் அறுபத்தாறு என்ற எண்ணில் ‘ஸ்’ நிறைய வரும், பல் பிழையாக நின்றால் விசிலடிக்கும். உக்ரைன் மொழியிலும் அந்த எண்ணுக்கு ‘ஸ்’, ‘ஷ்’ நிறைய வரும் என்றார் மிக்கோலா. ஹன்னா சொன்னார், விசிலடித்தது. வெளியே எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருந்த மெழுகைக் கொஞ்சம் சுரண்டினேன். மறுபடி சொன்னார், குறைந்தது. மெழுகு வாய்ச் சூட்டுக்கு இளகும் என்பதால் சுகந்தி இடைக்கிடை குளிர்ந்த தண்ணீர் கொடுத்தா. கீழ்ச் செட் இன்னும் ஆடியது. அதைப் பார்ப்பதற்குள் டெலிபோன் அடித்தது.

மிக்கோலா ஸ்பீக்கரைப் போட்டு மனைவியின் கையில் கொடுத்தார். ஹன்னா மகனின் பெயரைச் சொன்னார். தொடர்ந்து இரண்டு மூன்று வசனம் சொன்னார். பிறகு மகன் ஏதோ கேட்டான். மிக்கோலா எங்களுக்கு டொச்சில் சொன்னார்:

“யாரோ ஒரு பெண்ணைப் பிடித்துக் கதைக்க வைத்திருக்கிறேனாம்.”

புதுப் பல் குரலை மாற்றும். எனக்கு அது தெரியும், ஆனால் அன்று அதை நினைக்கவில்லை. அப்போது மகன் இருமினான். நீண்ட, வறட்டு இருமல்.

ஹன்னாவின் முகம் மாறியது. டெலிபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் கடகடவென்று ஏசத் தொடங்கினார். பக்கத்து அறையிலிருந்து டொக்டர் எட்டிப் பார்த்தார்.

“மறுபடி சிகரெட் குடிக்கிறானாம்,” என்றார் மிக்கோலா. “எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாயா என்று கேட்கிறாள்.”

அதற்குப் பிறகு மிக்கோலா மொழிபெயர்க்கவில்லை. டெலிபோனிலிருந்து வந்த சத்தத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவுமில்லை. வளர்ந்த ஓர் ஆண் விக்கி விக்கி அழுவது எந்த மொழியிலும் ஒன்றுதான்.

ஏசிக்கொண்டிருந்த ஹன்னா நிறுத்தினார். கீழ்ச் செட்டை வெளியே எடுத்துச் சுகந்தியின் கையில் வைத்தார். பிறகு மேல் செட்டையும் எடுத்தார். டெலிபோனில் வீடியோப் படத்தைப் போடும்படி கணவருக்குச் சைகை காட்டினார். வெறும் வாயோடு, இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த அந்தக் குழறும் குரலில், மகனுக்கு முகத்தைக் காட்டிக் கதைத்தார். ஜன்னல், கோப்பை என்று கையால் காட்டினார். மகன் பயப்படவில்லை. அழுகைக்கு நடுவே சிரிப்பது கேட்டது.

சிரித்து முடிந்த பிறகு அவன் கொஞ்ச நேரம் தனியே கதைத்தான். ஹன்னா குறுக்கே பேசாமல் கேட்டார். தொடர்பு அறுந்தது. மிக்கோலா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முன்பு மொழிபெயர்த்த அதே தொனியில் எங்களுக்குச் சொன்னார்:

“வீடு இல்லையாம். நாங்கள் வெளிக்கிட்டு அடுத்த கிழமையே போய்விட்டதாம். அவனும் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.”

ஹன்னா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு கணவரைத் தட்டி எதையோ கேட்கச் சொன்னார். உண்மையான பல் எப்போது கிடைக்கும் என்றுதான்.

3. பிறகு

சரியான செட் இரண்டு கிழமையில் முடிந்தது. முதலில் ஓரிடத்தில் அழுத்தி முரசில், அதாவது ஈற்றில், காயம் வந்தது, அரைத்துக் கொடுத்தோம். ஹன்னா இப்போது அப்பிள் கடித்துச் சாப்பிடுகிறாராம். மகன் உயிரோடு இருக்கிறான், இருமல்தான் நிற்கவில்லை என்று போன மாதம் சுகந்தி சொன்னா.

செட் கொடுத்த அன்று மிக்கோலா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நானும் போரால் வந்தவன் என்று சுகந்தி சொல்லியிருக்கிறா. உங்கள் ஆட்கள் திரும்பிப் போனார்களா என்றார். சிலர் போனார்கள் என்றேன். ஊரில் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை இராணுவம் விட்டபோது அதைப் பார்க்க அம்மா உயிரோடு இருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்டது அதையல்ல.

இப்போது தொழில் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பல்லின் நிறம், அளவு, கடி எல்லாவற்றையும் டொக்டர் எழுதி அனுப்புவார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, முழுச் செட் ஒன்று வந்தால் நான் இன்னொன்றும் கேட்பேன்: இவர் யாரோடு கதைக்கிறவர்? மகளோடு, பேரப்பிள்ளையோடு, பக்கத்து வீட்டுக்காரரோடு என்று பதில் வரும். பல் அடுக்கும்போது அந்த ஆளையும் நினைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு கிழவருடைய செட்டுக்கு, ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. அந்தச் செட்டைத் தபாலில் அனுப்பவில்லை. நானே கொண்டுபோனேன். டொக்டர் அதை வாயில் பொருத்தி முடித்த பிறகு, கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்து, எந்த ஊர் என்று கேட்டேன்.